பாத்திக் துணியில் கட்டிய கிராமம்

சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைப் பற்றி யார் எழுதினாலும் முதல் பத்தியிலேயே கடல் வந்துவிடுகிறது. மணல், காற்று, மரநிழல், தாடி வைத்த ஓவியர்கள், நடுவில் பணிக்கர். படித்து முடித்ததும் வேலையை விட்டுவிட்டு ஈ.சி.ஆர். பக்கம் போய் உட்கார்ந்துவிடலாம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியிருக்கிறது, ஸ்பிரின்ட் முடிகிற வெள்ளிக்கிழமைகளில் குறிப்பாக. ஆனால் இந்தக் கடற்கரைச் சித்திரம் அந்தக் கிராமத்துக்கு அநியாயம் செய்கிறது என்று நினைக்கிறேன். அங்கே நடந்ததில் நமக்கு இன்று மிகவும் உபயோகமான பகுதி கணக்கு வழக்கில் இருக்கிறது. அதை யாரும் சிலாகிப்பதில்லை.

கே.சி.எஸ். பணிக்கர் 1957இல் சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வரானார். அவர் முன்னால் இருந்த பிரச்சினை ரொம்பச் சாதாரணமானது. நல்ல மாணவர்கள் படித்து வெளியே வருகிறார்கள், வந்ததும் காணாமல் போகிறார்கள். நவீன ஓவியத்தைக் காசு கொடுத்து வாங்கும் ஆட்கள் அன்றைய மெட்ராஸில் அநேகமாக இல்லை. விளம்பர நிறுவனம், நெசவாளர் சேவை மையம், பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டர் உத்தியோகம், இவ்வளவுதான் வழி. அந்த வேலைகள் மட்டம் என்று சொல்லவரவில்லை. ஆதிமூலம் நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்துக்கொண்டேதான் அத்தனை கோடுகளையும் வரைந்தார். ஆனால் எல்லோரும் ஆதிமூலம் இல்லையே.

பணிக்கரும் மாணவர்களும் கண்டுபிடித்த வழி பாத்திக். உருக்கிய மெழுகால் துணியில் வரைந்து, சாயத்தில் முக்கி, பிறகு மெழுகை எடுத்துவிட வேண்டும். மெழுகு விரிந்த இடங்களில் சாயம் புகுந்து நரம்பு நரம்பாய்க் கோடுகள் நிற்கும். ஓவியம் வாங்காத குடும்பம்கூடப் பாத்திக் துணி வாங்கும். கைவினைக்கென்று தனிச் சங்கம் வைத்தார்கள், கண்காட்சி போட்டு விற்றார்கள், வரும்படியில் ஒரு பங்கைப் பொதுவில் சேர்த்தார்கள். 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கியது அப்படித்தான். அரசு மானியமும் இல்லை, பெரிய புரவலரும் இல்லை. முப்பது பேர் அளவில் சேர்ந்து குடிசை போட்டு ஆரம்பித்தார்கள்.

இதில் என்னை இழுப்பது ஒரு பிரிவினை. விற்பதற்கு ஒரு கை, வரைவதற்கு இன்னொரு கை. பாத்திக் சந்தைக்குப் போனது. அதனால் கேன்வாஸ் சந்தையைப் பார்த்துப் பல்லிளிக்க வேண்டியிருக்கவில்லை. பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையையே எடுத்துக்கொள்ளுங்கள். படிக்க முடியாத எழுத்துகள், எண்கள், ஜாதகக் கட்டம் மாதிரியான கட்டங்கள், கணக்கு நோட்டில் கிறுக்கியது போன்ற கோடுகள். அறுபதுகளில் வரவேற்பறையில் மாட்டுவதற்கென்று இதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் தன் ஐம்பதுகளில் இதைத் துணிந்து செய்தார், அதுவும் வருடக்கணக்காக. பக்கத்து வீட்டில் இருப்பவர்களும் இதே கிறுக்கு வேலையில் இருக்கிறார்கள் என்பது எவ்வளவு பெரிய தெம்பு என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது நம்மிடம் எல்லாமே இருக்கிறது. பின்டரெஸ்ட்டில் இந்த நிமிடம் ஆயிரம் படங்கள் பார்க்கலாம். யூடியூபில் வாட்டர்கலர் கற்றுக்கொள்ளலாம். தமிழுக்கே கட்டமரான், மீரா இனிமை என்று இலவச எழுத்துருக்கள் உண்டு. ஒரு டிசைனருக்கு வேண்டிய பொருள் இவ்வளவு மலிவாக என்றுமே கிடைத்ததில்லை. ஆனால் இன்ஸ்டாகிராமில் வரைபவருக்கு இரண்டு கையும் ஒன்றாகிவிட்டது. பரிசோதனையும் அங்கேதான், கடையும் அங்கேதான். எதற்கு லைக் விழுகிறதோ அது நாளைக்கும் வரும். ‘கம்யூனிட்டி’ என்று நாம் சொல்வது பெரும்பாலும் பார்வையாளர் கூட்டத்தை. பக்கத்தில் உட்கார்ந்து “இந்த மஞ்சள் சரியில்லடா” என்று சொல்கிற ஆள் அதில் இல்லை.

சரி, சோழமண்டலத்தைக் கும்பிட்டுவிட்டு வந்துவிடலாமா? முடியவில்லை. பெயர்ப் பட்டியலைப் பாருங்கள்: ஜே. சுல்தான் அலி, சேனாதிபதி, ஹரிதாசன், கோபிநாத், வாசுதேவ், நந்தகோபால். பெண்கள் என்றால் அர்னவாஸ், அனிலா ஜேக்கப் என்று விரல் மடக்குவதற்குள் முடிந்துவிடுகிறது. கல்லூரி நட்பிலிருந்து முளைத்த சமூகத்துக்கு அந்த நட்பின் எல்லைதான் எல்லை. அடுத்தது நிலம். ஆளுக்கொரு மனை, வீடு என்று ஆனது அவர்களைக் காப்பாற்றியது. வாடகை பயம் இல்லாமல் ஓவியர் இருப்பது சின்ன விஷயமா? ஆனால் மனைகள் தீர்ந்ததும் கதவும் மூடிக்கொண்டது. பிறகு அந்தச் சாலை நெடுகப் பங்களாக்களும் ரிசார்ட்டுகளும் வந்தன. இன்று ஓவியக் கல்லூரி முடித்து வரும் ஒருவருக்கு அங்கே ஒரு சென்ட் என்பது நினைத்துப் பார்க்கவே முடியாத விலை. 2009இல் அங்கே மெட்ராஸ் கலை இயக்கத்துக்கு ஒரு அருங்காட்சியகம் திறந்தார்கள். மிக நல்ல அருங்காட்சியகம், கட்டாயம் போய்ப் பாருங்கள். ஆனால் ஒரு பட்டறை அருங்காட்சியகமாகவும் ஆகிறது என்றால், அதன் கதையில் ஏதோ ஒன்று முடிந்துவிட்டது என்றுதான் நான் படிக்கிறேன்.

பிறகு ராமானுஜம். கோட்டைகளும் பறக்கும் உருவங்களும் தொப்பி வைத்த மனிதனுமாக, பேனா மையில் தனக்கென்று ஒரு நகரத்தையே கட்டியவர். பேச்சு எளிதாக வராது, மனநோயோடு போராடினார். கல்லூரியில் அவரை அடையாளம் கண்டு கூட்டிவந்தவர் பணிக்கர்தான். 1973இல், முப்பதுகளின் தொடக்கத்தில், ராமானுஜம் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். இதற்குக் கிராமத்தைக் குற்றம் சொல்வது முட்டாள்தனம். அது இல்லாமல் போயிருந்தால் அந்தப் படங்களே வந்திருக்காது என்றுகூடத் தோன்றுகிறது. ஆனால் கலைச் சமூகம் மனக்காயங்களை ஆற்றிவிடும் என்று இன்றைக்குச் சுலபமாகப் போஸ்ட் போடுகிறோமே, அப்போதெல்லாம் அவருடைய தொப்பிக்காரன் என் ஞாபகத்தில் வந்து நிற்பான். அந்த முப்பது பேரால் அவருக்கு இடம் கொடுக்க முடிந்தது, சோறு போட முடிந்தது, படத்தை மதிக்க முடிந்தது. மருத்துவம் வேறு சமாச்சாரம்.

நம் இலக்கிய உலகம் ஓவியர்களை நடத்தும் விதத்தையும் இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். அறுபது, எழுபதுகளின் சிறுபத்திரிகைகளுக்கு ஓவியர்கள் வரைந்து கொடுத்ததைப் பெருமையாகப் பேசுகிறோம். பெருமைதான். பத்திரிகை நடத்தியவர்களே கைக்காசு போட்டு நடத்திய காலம், ஓவியரும் தன் பங்கைப் போட்டார். கொடுக்கல் வாங்கல் சமமாக இருந்தது. இன்று விலை போட்டு விற்கிற புத்தகத்துக்கு, அச்சகத்துக்கும் பேப்பருக்கும் பில் கட்டிவிட்டு, அட்டை வரைந்த பிள்ளையிடம் மட்டும் “நம்ம புக்குதானே” என்றால் அது வேறு. கோட் எழுதுகிற எனக்கு ஓப்பன் சோர்ஸ் உலகத்தில் இந்தக் குரல் நன்றாகவே பழக்கம். அங்கேயும் இலவசமாகக் கொடுப்பவர்களில் பலருக்கு மாதச் சம்பளம் வேறெங்கோ இருந்து வருகிறது. சம்பளம் இல்லாதவர் இரண்டு வருடத்தில் ஓய்ந்துபோகிறார்.

இதனால், சென்னையிலோ கோவையிலோ நாலு பேர் சேர்ந்து ஒரு வரைகலைக் கூட்டம் ஆரம்பிக்கப் போகிறோம் என்று சொன்னால், லோகோவையும் வாட்ஸப் குழுவையும் அப்புறம் பார்த்துக்கொள்ளுங்கள் என்பேன். எதை விற்கப் போகிறீர்கள்? டி-ஷர்ட்டா, கல்யாணப் பத்திரிகையா? அதில் எத்தனை ரூபாய் பொதுவில் போடுவீர்கள், அறை வாடகை யார் பெயரில் இருக்கும், ஐந்தாவதாக வருகிற பெண்ணுக்குச் சாவி கிடைக்குமா?