பார்வை மீட்சியும் குரலும்: ‘பாலும் பழமும்’ திரைப்படத்தை முன்வைத்து

தமிழ்த் திரைப்படத்தில் பார்வையிழப்பு பெரும்பாலும் இரக்கத்தைத் தூண்டும் உத்தியாகவே கையாளப்பட்டுள்ளது. இழந்த பார்வை மீளும்போது துன்பம் நீங்கிக் கதை நிறைவுறும் என்பதே பொது எதிர்பார்ப்பு. இதற்கு மாறாக, பார்வை மீள்வதையே ஒரு நெருக்கடியாக ஆக்கிய படம் ‘பாலும் பழமும்’ (1961). குடும்பப் பாச நாடகம் என்ற அளவில் அதனைப் புகழ்ந்தோர் பலர். ஆனால் அதன் மையத்திலுள்ள இச்சிக்கல் போதிய கவனம் பெறவில்லை.

1961ஆம் ஆண்டில் ஏ. பீம்சிங் இயக்கத்தில் சிவாஜி கணேசன் நடித்த மூன்று படங்கள் வெளிவந்தன. ‘பாவ மன்னிப்பு’, ‘பாசமலர்’ ஆகிய இரண்டும் மற்றவை. ‘பாசமலர்’ நாயகன் இறுதியில் பார்வையிழந்து, தங்கையின் கரத்தைப் பற்றியவாறே உயிர் துறக்கிறான். அங்கே பார்வையிழப்பு முடிவின் அறிகுறி. ‘பாலும் பழமும்’ படத்தில் அதுவே கதையின் திருப்பமாகிறது. ஒரே ஆண்டில் ஒரே இயக்குநரும் ஒரே நடிகரும் ஒரே பொருளை இருவேறு வகையில் கையாண்டிருப்பது ஒப்புநோக்கத்தக்கது.

புற்றுநோய்க்கு மருந்து காண ஆய்வு செய்யும் மருத்துவர் இரவி, செவிலியாகிய சாந்தியை (பி. சரோஜாதேவி) மணக்கிறான். சாந்தியைக் காசநோய் பற்றுகிறது. கணவன் ஆய்வை மறந்து தனக்குப் பணிவிடை செய்வதைப் பொறாத அவள் வீட்டைவிட்டு நீங்குகிறாள். அவள் இறந்துவிட்டதாக நம்பிய இரவி, நளினியை (சௌகார் ஜானகி) மணந்தும் அவளோடு மனம் ஒன்றாமல் வாழ்கிறான், பின்னர்ப் பார்வையிழக்கிறான். நோய் நீங்கித் திரும்பிய சாந்தி, நீலா என்னும் பெயரில் அவனுக்கே செவிலியாகிறாள். இறுதியில் அவன் பார்வை மீள்கிறது.

இக்கதையமைப்பில் சாந்திக்குக் கணவன் அருகில் இடம் கிடைப்பதற்குக் காரணமே அவனது பார்வையின்மைதான். அவன் காணாதவரை அவள் அங்கே இருக்கலாம்; கண்டுவிட்டாலோ நளினியின் வாழ்வு குலையும். எந்தப் பார்வைக்காக அவள் பணிவிடை செய்கிறாளோ, அந்தப் பார்வையே அவளை வெளியேற்றவும் வல்லது. செவிலியின் கடமையும் மனைவியின் அச்சமும் இவ்வாறு ஒரே செயலில் முரண்படுமாறு அமைந்திருப்பது படத்தின் சிறப்பான கூறு.

முகத்தை மறைத்தாலும் குரலை மறைக்க இயலாது. நீலாவின் குரல் இரவியை உறுத்துகிறது. அவளோ தன்னை வெளிப்படுத்திக்கொள்வதில்லை. இப்பகுதியில் இடம்பெறும் கண்ணதாசனின் இணைப்பாடல் (இசை: விசுவநாதன் - இராமமூர்த்தி, குரல்: டி. எம். சௌந்தரராசன், பி. சுசீலா) முழுவதும் இந்த ஐயத்தின் மேல் கட்டப்பட்டதாகும். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நாயகன் அடையாளம் காணத் தவிக்கும் அக்குரல், பாடும்போது சரோஜாதேவியின் குரலன்று, சுசீலாவின் குரல். பின்னணிப் பாடலுக்குப் பழகிய தமிழ்ச் சுவைஞர் இதனைப் பிழையாகக் கருதவில்லை. குரலின் ஒருமையைவிட உணர்வின் ஒருமையையே அவர்கள் நம்பினர். இரவியின் செவி உண்மையை முன்னரே உணர்ந்துவிட்டது. கண் அதற்குப் பிந்திய சான்று மட்டுமே. சாப்ளினின் ‘சிட்டி லைட்ஸ்’ (1931) படத்திலும், பார்வை பெற்ற பூக்காரப் பெண் தன் உதவியாளனைக் கண்ணால் அறியவில்லை. கையைத் தொட்ட பின்னரே அறிகிறாள்.

பார்வை மீட்சியின் மருத்துவ உண்மை வேறு. ஆலிவர் சாக்ஸ் எழுதிய உண்மை வரலாற்றுக் கட்டுரையைத் தழுவிய ‘அட் ஃபர்ஸ்ட் சைட்’ (1999) என்னும் அமெரிக்கக் காதற்படத்தில், இளமை முதல் பார்வையற்ற நாயகன் அறுவை மருத்துவத்தால் பார்வை பெற்றும் கண்டதைப் புரிந்துகொள்ள இயலாமல் திகைக்கிறான். பெற்றதை மீண்டும் இழக்கிறான். இரவி வளர்ந்த பின் பார்வையிழந்தவன். எனவே இந்தத் திகைப்பு அவனுக்கு இல்லை. அவன் நெருக்கடி முழுவதும் உறவு சார்ந்தது. அறுவை மருத்துவத்தால் பார்வை மீள்வதும் அக்காலத் தமிழருக்கு வெறுங்கற்பனையன்று. சென்னை எழும்பூர்க் கண் மருத்துவமனையில் 1948ஆம் ஆண்டிலேயே கருவிழி மாற்று அறுவை நடந்துள்ளது.

காதலையும் பார்வையையும் இணைத்த கதை தமிழுக்குப் புதிதன்று. பெரியபுராணத்தில் ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணம் சுந்தரரின் வரலாற்றை இவ்வகையில் விரித்துரைக்கிறது. பிரியேன் எனச் சங்கிலியாருக்கு மகிழமரத்தடியில் சூளுரைத்த சுந்தரர், ஆரூர் நினைவால் ஒற்றியூர் எல்லையைக் கடந்ததும் பார்வையிழக்கிறார். வெண்பாக்கத்தில் ஊன்றுகோல் மட்டுமே கிடைக்கிறது. காஞ்சியில் இடக்கண்ணும் ஆரூரில் வலக்கண்ணும் மீள்கின்றன. ஆயினும் சிக்கல் தீரவில்லை. பரவையார் ஊடல் தணியாமையால் இறைவனே தூது நடக்க நேர்கிறது. ஆணின் பார்வை மீண்டதாலேயே பெண்ணின் வழக்கு முடிந்துவிட்டதாகச் சேக்கிழார் கொள்ளவில்லை.

திரைப்படம் இவ்விடத்தில் பின்வாங்குகிறது. இரவி எந்தச் சூளையும் மீறவில்லை. அவன் இழப்பு தண்டனையன்று. அவனைக் குற்றமற்றவனாக்கியதன் விலையை இரு பெண்களும் செலுத்துகின்றனர். சாந்தி முதலில் தன் இருப்பையும் பின்னர்த் தன் பெயரையும் துறக்கிறாள். உண்மையறிந்த நளினியோ இல்லறத்தையே துறந்து விலகுகிறாள். படத்தின் பெரும்பகுதியில் கடுகடுப்பானவளாகக் காட்டப்படும் அவளது சினத்தில் நியாயமே இல்லையா? இறந்த ஒருத்தியின் நினைவோடு வாழும் கணவனிடம் அவள் கேட்டது மனைவிக்குரிய இடத்தையே. பரவையாரைப் போலக் கதவடைத்துக் காத்திருக்கும் உரிமை அவளுக்கு வழங்கப்படவில்லை. திரைக்கதை அவளை உயர்ந்த பண்பினளாக்குவதன் வாயிலாக அவள் வாயை அடைத்துவிடுகிறது. சௌகார் ஜானகியின் நடிப்பு மட்டும் இதற்கு முழுவதும் இசையவில்லை. அவர் சினத்தில் வெளிப்படும் காயம், திரைக்கதை அனுமதித்ததைவிட மிகுதியாகவே பேசுகிறது.

இருபது ஆண்டுகளுக்குப் பின் சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கிய ‘ராஜபார்வை’ (1981) படத்தில் வயலின் கலைஞனாகிய நாயகன் (கமல்ஹாசன்) பார்வை பெறுவதே இல்லை; காதல் அதற்காகக் காத்திருக்கவும் இல்லை. அங்கே நாயகி மறைந்து நிற்கத் தேவையில்லை. தன் பெயரோடும் குரலோடும் முன்வந்து அவனைத் தேர்கிறாள். ‘பாலும் பழமும்’ படத்திலோ, இரவி கண்திறந்து காணும் உலகில் நளினிக்கு இடமில்லை. அவள் எங்கே சென்றாள், எவ்வாறு வாழ்ந்தாள் என்பதை அறிய அப்படத்தின் கண் திரும்பவே இல்லை.