அடுக்கித் தேய்த்த ரிப்புகள்

மாதிரி விமானத்தின் இறக்கைக்கு வளைவைக் கொடுப்பவை அதனுள் வரிசையாக நிற்கும் ரிப் என்னும் விலாத் தகடுகள். சிறிய, நடுத்தர மாதிரிகளில் இவற்றைப் பெரும்பாலும் 1.5 மி.மீ. பால்சாத் தகட்டில் செய்வார்கள். ஒவ்வொன்றாக வெட்டினால் ஒன்று போல மற்றொன்று அமையாது. அதற்காக ஏற்பட்டதே அடுக்கு முறை. பிளைவுட்டிலோ அலுமினியத்திலோ டெம்ப்ளேட் என்னும் ரிப் வடிவ அளவுத் தகடுகள் இரண்டு செய்து, அவற்றின் நடுவே சற்றுப் பெரிதாக நறுக்கிய பால்சாத் துண்டுகளை அடுக்கி, போல்ட் போட்டு இறுக்கி, சிறு இழைப்புளியால் சீவி, கட்டையில் ஒட்டிய உப்புத்தாளால் டெம்ப்ளேட்டின் விளிம்பு தட்டுப்படும்வரை தேய்ப்பார்கள்.

அடி முதல் நுனி வரை ஒரே அகலமுள்ள இறக்கைக்குக் கையால் செய்யும் முறைகளில் இதுவே சிறந்தது. ஸ்பார் என்னும் நெடுஞ்சட்டம் நுழையும் பள்ளத்தை எல்லா ரிப்புகளிலும் ஒரே முறையில் அறுத்து, அரத்தால் சரிசெய்துவிடலாம். சட்டம் வளையாமல் நேராக உட்காரும். 1922-இல் வெர்ஜீனியஸ் கிளார்க் வடிவமைத்த கிளார்க் ஒய் போன்ற வளைவுகளுக்கு வேலை இன்னும் எளிது. அதன் அடிப்பக்கம் பெரும்பகுதி தட்டையாக இருப்பதால் பலகைமேல் ஊன்றி அடுக்கலாம். இம்முறையின் பெரிய நன்மை வேறொன்று: டெம்ப்ளேட்டில் சிறு பிழை இருந்தாலும் அது எல்லா ரிப்புகளிலும் ஒரே அளவில் விழுகிறது. இரு இறக்கைகளிலும் சமமாக இருக்கும் பிழை விமானத்தை ஒரு பக்கம் சாய்ப்பதில்லை.

மரத்தைப் பார்த்துப் பொறுக்காவிட்டால் இந்த நன்மையும் போய்விடும். ஒரு கன மீட்டருக்கு 100 கிலோ எடையுள்ள பால்சாவும் உண்டு, 250 கிலோவை எட்டுவதும் உண்டு. இரண்டும் ஒரே அடுக்கில் கலந்தால், உப்புத்தாளை விரலால் பிடித்துத் தேய்க்கும்போது மெது மரம் குழிந்து, கடின மரம் மேடாக நிற்கும். தாளுக்கு அடியில் வளையாத கட்டை இருப்பது கட்டாயம்.

நுனி நோக்கிக் குறுகும் இறக்கையில்தான் இம்முறை தவறுகிறது. அடி ரிப் 240 மி.மீ., நுனி ரிப் 160 மி.மீ., மொத்தம் ஒன்பது ரிப்புகள், இடைவெளி 60 மி.மீ. என்று கொள்வோம். அடுத்தடுத்த ரிப்புகளின் நீள வேறுபாடு 10 மி.மீ. இறக்கையில் 60 மி.மீ. தொலைவில் நிகழ வேண்டிய இந்தக் குறைவு, அடி அளவில் ஒன்றும் நுனி அளவில் ஒன்றுமாகச் செய்த டெம்ப்ளேட்டுகளுக்கு நடுவே அடுக்கும்போது 1.5 மி.மீ. கனத்துக்குள்ளேயே நிகழ்ந்துவிடுகிறது. உண்மையில் அந்தக் கனத்துக்குள் குறைய வேண்டியது 0.25 மி.மீ. மட்டுமே. விளைவாக ஒவ்வொரு ரிப்பின் விளிம்பும் சாய்ந்து, கத்தி போல் மெலிகிறது. ஸ்பார் பள்ளமும் சாய்கிறது. அப்படியே விட்டால் மேலுறை ஒட்டிக்கொள்ளப் போதிய பரப்பு இல்லை. விளிம்பை நிமிர்த்தத் தேய்த்தால் ரிப் தன் சிறிய முகத்தின் அளவுக்குச் சுருங்குகிறது. இடது, வலது இறக்கைகளுக்குச் சாய்வு எதிரெதிர்த் திசையில் அமைவதால் தனித்தனி அடுக்குகளும் தேவை. ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் நீள்வட்ட இறக்கைக்கோ இது அறவே பொருந்தாது: இரண்டு டெம்ப்ளேட்டுகளுக்கு இடையே உப்புத்தாள் நேர்கோட்டில்தான் குறைக்கும், நீள்வட்டமோ நடுவில் மெல்லக் குறைந்து நுனியில் சட்டென்று ஒடுங்கும்.

ஆயினும் குறுகும் இறக்கைக்கும் இம்முறையைக் கைக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. அடியில் ஒரு வளைவும் நுனியில் வேறொரு வளைவும் இருந்தால், இடைப்பட்ட வளைவுகளை அடுக்கே உருவாக்கித் தந்தது. ஒவ்வொன்றையும் கணக்கிட்டு வரையும் பாடு மிச்சமாயிற்று. இன்று கணினியில் ஒவ்வொரு ரிப்பையும் தனியே வரைந்து அச்சிடலாம், லேசரிலும் வெட்டலாம். லேசர் கருக்கிய விளிம்பைப் பசை பிடிக்குமளவுக்கு மட்டும் தேய்த்தால் போதும். மிகுந்தால் வளைவு கெடும், அதுவும் காற்றோட்டத்துக்கு மிக முக்கியமான முன்பகுதியில்.

ஆகவே குறுகும் இறக்கை கட்டுவோர் அடுக்கைக் கைவிட்டு, ரிப்புகளைத் தனித்தனியே அரை மி.மீ. கூட்டி வெட்டுவதே நல்லது. ஒட்டி முடித்தபின், ஒரே நேரத்தில் மூன்று நான்கு ரிப்புகள் மேல் படியும் நீண்ட உப்புத்தாள் கட்டையால் அந்த மிகுதியைத் தேய்த்தெடுக்க வேண்டும்.