மிஷனெரி வீட்டின் இரண்டு வாசல்கள்

1819 அக்டோபரில் பாஸ்டனிலிருந்து ஹவாய்த் தீவுகளுக்குக் கப்பலேறிய முதல் மிஷனெரிக் குழுவில் ஏழு தம்பதிகள் இருந்தார்கள். ஒரு தம்பதியைத் தவிர மற்ற அனைவரும் புதிதாக மணமானவர்கள். ஹைரம் பிங்காமும் சிபில் மோஸ்லியும் ஒருவரையொருவர் முதன்முதலில் பார்த்து இரண்டு வாரம் முடிவதற்குள் கணவன் மனைவி ஆனார்கள். அவர்களை அனுப்பிய மிஷனெரி அமைப்பான அமெரிக்கன் போர்டு, மணமாகாத போதகரைத் தீவுகளுக்கு அனுப்பத் தயங்கியது.

தயக்கத்துக்குக் காரணம் இருந்தது. 1796இல் லண்டன் மிஷனெரி சங்கம் 'டஃப்' கப்பலில் தாஹித்திக்கும் தொங்காவுக்கும் அனுப்பியவர்களில் பெரும்பாலோர் தனி ஆண்கள். அவர்களில் சிலர் ஊழியத்தை விட்டுவிட்டுத் தீவுப் பெண்களோடு குடும்பம் நடத்தினார்கள். தொங்காவில் ஜார்ஜ் வேசன் உடம்பில் பச்சை குத்திக்கொண்டு உள்ளூர்த் தலைவரைப் போலவே வாழ்ந்தார். ஆகவே மனைவி ஒரு காவல் என்று போர்டு கருதியது. அதோடு, கிறிஸ்தவ இல்லறம் எப்படி இருக்கும் என்பதைத் தீவு மக்கள் கண்ணால் கண்டு கற்கவேண்டும் என்றும் விரும்பியது. பிரசங்கத்தைவிட வீடு அதிகம் போதிக்கும் என்ற நம்பிக்கை அது.

அந்த நம்பிக்கை பாதி பலித்தது. பலித்த பாதி பெரும்பாலும் மனைவிமாரின் உழைப்பு. 1820இல் கரையிறங்குவதற்கு முன்பே கப்பல் தளத்தில் அரச குலப் பெண்களோடு உட்கார்ந்து அவர்களுக்கு உடை தைத்தார்கள். சில வாரங்களில் சிபில் பள்ளி தொடங்கினார். அப்போது நாட்டின் அதிகாரத்தில் பெரும்பங்கு காஅஹுமனு அரசியின் கையில் இருந்தது. தனி ஆண்களாகப் போயிருந்தால் அந்தப் பெண்களின் நட்பு எளிதில் வாய்த்திருக்காது. 1822இல் அச்சு இயந்திரம் ஓடத் தொடங்கியது. சில ஆண்டுகளில் கிழவர் கிழவியர்கூடப் படிக்க உட்கார்ந்தார்கள். ஊர் ஊராகப் போய்க் கற்றுக்கொடுத்தவர்கள் ஹவாய் ஆசிரியர்களே என்பதை மிஷன் வரலாறுகள் தாழ்ந்த குரலில்தான் சொல்கின்றன. 1853இல் பெரியம்மை வந்தபோது லஹைனாவில் மருத்துவப் பணியும் செய்த போதகர் ட்வைட் பால்ட்வின் அம்மை குத்தி மௌயி தீவில் பல உயிர்களைக் காத்தார். இவற்றை மறைத்து எழுதுவது நேர்மையாகாது.

ஆனால் அந்த வீட்டின் அன்றாடம் எப்படிக் கழிந்தது? கோதுமை மாவு தென்னமெரிக்காவின் தென்முனையைச் சுற்றிப் பல மாதம் கடலில் கிடந்து வந்து சேரும். சமையல், துணி துவைத்தல், தலைவர்களுக்குத் தையல், அடுத்தடுத்துப் பிரசவம், நடுவே வகுப்பு, சொல்லாமல் வரும் விருந்தாளிகள். இத்தனையும் செய்த பெண்ணுக்கு மிஷன் ஏட்டில் துணை ஊழியர் என்றுதான் பெயர். ஊழியக் கனவோடு வந்த பெண்கள் வீட்டு வேலையிலேயே தேய்ந்ததை வரலாற்றாசிரியர் பட்ரிசியா கிரிம்ஷா 'பாத்ஸ் ஆஃப் ட்யூட்டி' என்ற நூலில் (1989) விரிவாக ஆராய்ந்திருக்கிறார். மிஷனெரி மனைவியான லூசி தர்ஸ்டன் 1855இல் மயக்க மருந்து இல்லாமல் மார்பக அறுவை செய்துகொண்டவர். அவருடைய மன உறுதியை நான் வணங்குகிறேன். அதே லூசிதான் தன் பிள்ளைகளைச் சுற்றுச்சுவருக்குள் தனிப் பகுதியில் வைத்து, ஹவாய் மொழி காதில் விழாமல் வளர்த்தார்.

முறையின் ஆழமான பிழை இங்கேதான். ஊருக்கு முன்மாதிரியாக வைக்கப்பட்ட வீடு, ஊரார் தன் குழந்தைகளை நெருங்காதபடி கதவைச் சாத்தியது. பெரியவர்கள் முன்வாசலில் பாடம் கேட்கலாம். அவர்கள் பிள்ளைகள் உள்முற்றத்தில் விளையாடக் கூடாது. பெற்ற குழந்தையை உறவினரிடம் கொடுத்து வளர்க்கும் ஹவாய் வழக்கத்தை மிஷனெரிகள் குறைகூறினார்கள். அவர்களோ ஏழெட்டு வயதுப் பிள்ளைகளைக் கடல் தாண்டி நியூ இங்கிலாந்து உறவினரிடம் அனுப்பினார்கள். பிங்காமின் மகள் சோஃபியா அப்படிப் போனவள். தாய்மார் பட்ட வேதனை அவர்கள் கடிதங்களில் இருக்கிறது. ஹவாய்த் தாயும் அன்போடுதான் கொடுத்தாள் என்று அவர்களில் எத்தனை பேர் உணர்ந்தார்கள்? 1841இல் புனஹோ பள்ளி வந்தது இந்தப் பிரிவைத் தவிர்க்கத்தான். அதுவும் முதலில் மிஷனெரிப் பிள்ளைகளுக்கான தனிப் பள்ளியே.

அரச குலப் பிள்ளைகளுக்கு வேறு விடுதிப் பள்ளி இருந்தது. 1839 முதல் 1850 வரை அதை நடத்தியவர்கள் ஏமஸ் குக், ஜூலியட் குக் தம்பதி. அங்கே படித்த பதினாறு பேரில் ஐந்து பேர் பின்னாளில் அரியணை ஏறினார்கள். ஒரு தம்பதியின் கையில் இவ்வளவு பெரிய பொறுப்பு வேறெங்கும் கொடுக்கப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை. அந்த ஐவரில் கடைசியானவரான லிலியுஓகலானி, இரவில் பசியோடு படுத்ததைத் தன் வரலாற்றில் எழுதினார். மிஷன் வேலையை விட்டபின் ஏமஸ் குக் 1851இல் 'காசில் அண்ட் குக்' வணிக நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். பிற்காலத்தில் அது சர்க்கரைத் தொழிலில் பெருநிறுவனமானது. 1850இல் அந்நியர் நிலம் வாங்கச் சட்டம் வழிவிட்டது. மிஷனெரிகளின் அடுத்த தலைமுறை கரும்புத் தோட்டங்களுக்கு உரிமையாளர் ஆனது. 1893இல் லிலியுஓகலானியைக் கவிழ்த்த சதியில் முன்னின்ற லோரின் தர்ஸ்டன், லூசியின் பேரன். அதன்பின் ஆட்சித் தலைவரான சான்ஃபோர்ட் டோல் புனஹோவில் பிறந்த மிஷனெரி மகன். பிறந்த சில நாட்களிலேயே தாய் இறந்துவிட, ஹவாய்ப் பெண் ஒருத்தி பாலூட்டி வளர்த்த குழந்தை அவர்.

தாத்தா பாட்டியின் மேல் பேரனின் குற்றத்தைச் சுமத்துகிறேன் என்று சிலர் மறுக்கலாம். அந்த மறுப்பை எடைபோட இன்னொரு களத்தைப் பார்க்கலாம். அதே போர்டு 1816 முதல் யாழ்ப்பாணத்துக்கும் தம்பதிகளை அனுப்பியது. 1824இல் உடுவிலில் பெண்கள் விடுதிப் பள்ளியைத் தொடங்கிய ஹாரியட் வின்ஸ்லோ அப்படி வந்தவர். அங்கே அமெரிக்கப் பிள்ளைகள் நிலத்தையும் ஆட்சியையும் கைப்பற்றவில்லை. பிரிட்டிஷ் ஆட்சியில் அதற்கு இடமில்லை. ஆகவே சுவர் மட்டுமே ஹவாயைக் கவிழ்த்தது என்று நான் சொல்லவில்லை. நிலமும் சர்க்கரையும் சேர்ந்தபோது, ஊரோடு ஒட்டாமல் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஊரைப் பறிப்பது எளிதாயிற்று.

இன்னொரு ஒப்பீடும் வேண்டும். 1833இல் மார்க்கேசஸ் தீவுகளுக்குப் போன அமெரிக்கத் தம்பதிகள் ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை. 1853இல் அங்கே போனவர்கள் ஹவாய்த் தம்பதிகள். ஜேம்ஸ் கெகேலாவும் மனைவி நஓமியும் 1899 வரை, வாழ்நாளின் பெரும்பகுதியை அங்கேயே கழித்தார்கள். 1864இல் உயிர்போக இருந்த அமெரிக்க மாலுமி ஒருவரைக் காத்ததற்காக லிங்கன் கெகேலாவுக்குத் தங்கக் கடிகாரம் அனுப்பினார். திருச்சபையில் சேர்ந்தவர்களின் எண்ணிக்கையில் அவர்கள் பெரிதாகச் சாதிக்கவில்லை. ஆனாலும் தம்பதியாய் ஊழியம் செய்வதற்குத் தீவு மண்ணில் நான் காணும் நல்ல சான்று அவர்களே.

1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றியது முதல் தமிழ்ச் சபைகளும் வெளியூர்களுக்குத் தம்பதிகளை அனுப்பிவருகின்றன. அவர்களின் பிள்ளைகளில் பலர் இன்றும் தொலைவிலுள்ள விடுதிகளில் வளர்கிறார்கள். அனுப்பும் சபைகள் ஹவாயின் கதையைப் படிக்கவேண்டும். மனைவியின் உழைப்பை ஊழியம் என்றே கணக்கில் எழுதி, அதற்குரிய ஊதியம் தரவேண்டும். பிள்ளைகள் அந்த ஊர்ப் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் படிக்கும்படி அந்த ஊர்ப் பள்ளியை வளர்க்கவேண்டும்.