நனிசைவம் என்னுஞ் சொல்

ஊன் நீக்கிய உணவுக்குச் 'சைவம்' என்று உலகத்தார் பெயர் வழங்குதல் நம் சமயத்துக்கு வாய்த்த பெருமையாகும். ஊனுண்ணாமை ஒன்றே சைவமாகாது. பதி பசு பாச உண்மை உணர்ந்து சிவபிரானிடத்து அன்பு செய்தலே சைவம். ஆயினும் அவ்வன்பு உயிர்களிடத்து அருளாய் விரியும் என்பது பற்றியே அப்பெயர் நிலைபெற்றது. இக்காலத்தே பால், தயிர், நெய், தேன் என்பவற்றையும் விலக்கும் உணவுநெறிக்கு 'நனிசைவம்' என்று பெயரிட்டு வழங்குகின்றனர். நனி என்பது மிகுதிப்பொருள் தரும் உரிச்சொல். அங்ஙனமாயின், அந்நெறியார் நம்மினும் மிக்க சைவரோ? பெரியகுளத்தில் வராகநதிக்கரைப் பாலசுப்பிரமணியர் திருக்கோயிலுக்குப் பாற்குடம் ஏந்திச் செல்லும் அன்பரை ஓர் இளைஞர் இங்ஙனம் வினவின், அவர் யாது விடை கூறுவர்? இதனை ஈண்டு ஆராய்வாம்.

இந்நெறிக்கு 1944-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் டொனால்டு வாட்சன் என்பவரும் அவர் நண்பரும் 'வீகன் சங்கம்' கண்டனர். அதனைத் தழுவுவோர் உடல்நலம், சூழல், அறம் என மூன்று காரணங் காட்டுவர்.

உடல்நலங் குறித்த வாதம் ஒருபுடை உண்மையாம். கேழ்வரகு நூறு கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணச்சத்து உண்டு. அது பாலினும் மிகுதி. ஆயின் பி12 என்னும் உயிர்ச்சத்து தாவர உணவில் நம்பத்தக்க அளவில் இன்மையின், பாலும் துறந்தார் அதனை மருந்தாகவேனும் கொள்ளல் வேண்டும்.

சூழல் குறித்த வாதமும் புறக்கணிக்கத்தக்கதன்று. மாந்தர் செயலால் உலகை வெப்பமுறுத்தும் வாயுக்களில் நூற்றுக்கு 14.5 பங்கு கால்நடை வளர்ப்பால் விளைவதென ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 2013-இல் கணக்கிட்டது. எனினும் எல்லா மாடும் ஒருதன்மைய அல்ல. தேனி, கம்பம் பக்கத்து மலைமாடுகள் பாலுக்கென வளர்க்கப்படுவன அல்ல. மேய்ந்து திரும்பிக் கிடையில் அடைந்து வயலுக்கு எருவாகும் செல்வம் அவை. ஆகலின் இவ்விரு காரணங்களும் அளவறிந்து கொள்ளற்பாலன.

அறம் பற்றிய மூன்றாவதே நம் நெஞ்சைத் தொடுவது. பசு கன்று ஈன்றாலன்றிப் பால் சுரவாது. ஈனுங் கன்றுகளில் ஏறத்தாழப் பாதி காளை. ஏரும் வண்டியும் இயந்திரத்துக்கு இடங்கொடுத்த இந்நாளில் அக்காளைக்கன்றைப் பேணுவார் அரியர். அது பெரும்பாலும் விலைப்பட்டுக் கொலைக்களம் புகுகின்றது. பால் வற்றிய பசுவுக்கும் அக்கதியே நேர்கின்றது.

"யாம் கொல்லவில்லை, விலைக்கே வாங்கினோம்" என்று ஊனுண்பார் கூறுங்கால், வாங்குவார் இலராயின் கொன்று விற்பாரும் இலர் என்று திருவள்ளுவர் புலான் மறுத்தல் அதிகாரத்தில் அவர் வாயடைத்தார். அந்நியாயத்தைப் பன்னூறாண்டு பிறர்மேற் செலுத்தினோம். இன்று அது நம்மேல் திரும்புகின்றது. "ஆனைந்து ஆகமவிதி" என்பது விடையாமோ? ஆகமம் பாலை விதித்ததேயன்றிக் கன்றின் கொலையை விதித்ததில்லை. "கன்றை விற்றவன் பால்காரன்" எனின், அது ஊனுண்பார் கூறிய சொல்லேயாம்.

நமக்குரிய விடை சேக்கிழார் பெருமான் திருவாக்கில் உளது. சண்டேசுர நாயனார் மண்ணியாற்றங்கரையிற் பாலாட்டிய வரலாற்றை அறியாத சைவர் இலர். அதன் தொடக்கம் யாது? மேய்ப்பான் ஒருவன் ஈற்றுப்பசுவை அடித்தான். அது பொறாத விசாரசருமர் மேய்த்தற்றொழிலைத் தாமே மேற்கொண்டார். பேணப்பட்ட பசுக்கள் களித்துத் தாமே பால் பொழிந்தன. உடையவர்க்குரிய பாலும் குறைந்திலது. முதலில் அருள், பின்னர்ப் பால், அதன் பின்னரே திருமஞ்சனம் என்பது அவ்வரலாற்றின் வைப்புமுறை. பாலாட்டலை மட்டும் நினைந்து, அடிபட்ட பசுவை மறத்தல் புராணத்தை நடுவிலிருந்து படித்தலாம்.

ஆகவே, மனிதன் விலங்கோடு கொள்ளும் உறவெல்லாம் கொடுமையென்னுங் கொள்கை நமக்கு உடன்பாடன்று. பேணுதலும் பெறுதலுமாகிய உறவு தூயதே. ஆயின் இன்று கடையில் விற்கும் பால் அவ்வுறவில் விளைந்ததென்று நம்மிற் பலர் உறுதி கூறவியலாது. அவ்வளவில் அவ்விளைஞர் கூற்று மெய்யே.

செயற்பாலது யாது? திருமஞ்சனப்பால் எங்கிருந்து வருகின்றதென வினவுக. காளைக்கன்றையும் கிழப்பசுவையும் இறுதிவரை காக்குங் கோசாலையினின்று ஒரு நாழி கிடைப்பினும், ஊரறியாப் பால் நூறு குடத்தினும் அது மேலென்று கொள்க. அதுவும் வாயாதவர் தம் உணவிலேனும் பாலைச் சுருக்குக; முற்றத் துறந்தாரை நகையாதொழிக.

நனி என்னும் அடை உணவுப்பட்டியலுக்கு உரியதன்று, அருளுக்கு உரியது. அருள் மிக்காரே நனிசைவர். அவ்வருள் நமக்குப் பெருகச் சிவபிரான் திருவடி துணையாகுக.