போ-காப்: சுவர்களின் வண்ணமும் ஏடுகளின் எழுத்தும்

கேப் டவுன் துறைமுக நகரில், சிக்னல் குன்றின் சரிவில் அமைந்த பழைய குடியிருப்பு போ-காப். அதன் பல வண்ண வீடுகள் உலகப் புகழ் பெற்றவை. 1834இல் விடுதலை பெற்ற அடிமைகள் அம்மகிழ்ச்சியில் தீட்டிய வண்ணங்கள் அவை என்பது பயணிகளுக்குச் சொல்லப்படும் கதை. இன்று காணும் நிறங்களோ பெரிதும் அண்மைக் காலத்தவை. இனிய கதைதான், ஆயினும் அது மெய்யான வரலாற்றைப் பின்தள்ளிவிடுகிறது.

இக்குறை புதிதன்று. ஐ. டி. டு பிளெஸ்ஸி 1944இல் வெளியிட்ட 'கேப் மலாய் மக்கள்' என்னும் நூல் இங்குள்ள முஸ்லிம்களைத் தனியொரு 'மலாய்' இனமாகச் சித்திரித்தது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் காலத்தில் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோருள் இந்தோனேசியத் தீவினர் மட்டுமின்றி வங்கம், மலபார், சோழமண்டலக் கரை, இலங்கை, மடகாஸ்கர், மொசாம்பிக் ஆகிய இடத்தவரும் இருந்தனர். டார்ப் தெருவில் அவ்வல் பள்ளிவாசல் அமைந்த மனையை 1794இல் வாங்கியவரின் பெயரே 'இலங்கையின் கோரிடன்' என்பதாகும்.

இனஒதுக்கல் ஆட்சிக்கு இத்தகைய வகைப்பாடு வாய்ப்பாக அமைந்தது. 1957இல் போ-காப் மலாய்க்காரர்க்கு மட்டும் உரிய பகுதியாக்கப்பட்டது. ஏனையோர் வெளியேற நேர்ந்தது. 1966இல் வெள்ளையர் பகுதியென அறிவிக்கப்பட்ட ஆறாம் வட்டாரத்திலிருந்தோ 60,000க்கும் மேற்பட்டோர் அகற்றப்பட்டனர். போ-காப் பிழைத்ததற்கும் குறுகியதற்கும் அந்த ஒரு பெயரே காரணமாயிற்று.

அக்மத் டேவிட்ஸ் 1980இல் எழுதிய 'போ-காப் பள்ளிவாசல்கள்' இவ்வரலாற்றை அதற்குரிய இடத்திலிருந்து நோக்குகிறது. மக்களின் இனத்தை விடுத்து, அவர்கள் நிறுவிய அமைப்புகளை அது ஆராய்கிறது. திதோர் தீவிலிருந்து 1780இல் கைதியாகக் கொண்டுவரப்பட்ட துவான் குரு, ராபன் தீவுச் சிறையில் திருக்குர்ஆனைத் தம் நினைவிலிருந்தே எழுதியவர். 1793இல் மத்ரஸா நிறுவியவர். அங்கு அடிமைகளும் விடுதலை பெற்றோரும் ஒருங்கே பயின்றனர். பல மொழியினரான இம்மக்கள் பின்னர் ஆப்பிரிக்கான்ஸ் மொழியை அரபு எழுத்தில் எழுதினர். 1877இல் இஸ்தான்புல்லில் அச்சேறிய அபூபக்கர் எஃபெந்தியின் 'பயானுத்தீன்' அதற்குச் சான்று. அரபுத்தமிழை உருவாக்கிய நம் சமுதாயத்துக்கு இம்முயற்சியின் அருமையை விளக்க வேண்டியதில்லை.

நில விலையேற்றத்தை எதிர்த்து இம்மக்கள் 2018இல் போராடினர். 2019இல் அங்குள்ள 19 இடங்கள் தேசிய மரபுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. வரவேற்கத்தக்கதே. எனினும் அங்கு வாழ்வோர் வாடகையும் வரியும் தாளாது வெளியேறிவிட்டால், வண்ணச் சுவர்கள் நிற்கும்; அம்மத்ரஸாக்களில் ஓதப் பிள்ளைகள் இரார்.