தோட்ட இலக்கியம் எழுதாத வேலை

தேயிலைத் தோட்டத்தைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை சிலவேயாயினும் சிறந்தவை. இலங்கைத் தோட்டத்தைக் காட்டிய புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'யையும், ஆனைமலைத் தோட்டங்களைப் பற்றி டாக்டர் பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுத, இரா. முருகவேள் தமிழாக்கிய 'எரியும் பனிக்காடு' நாவலையும் படித்தவர்கள் கங்காணியையும் துரையையும் மறக்கமாட்டார்கள். அவற்றின் பெருமையைக் குறைக்க நாம் வரவில்லை. ஆயின், அந்தத் தொழிலாளி பிழைத்திருந்து கிழவனானால் என்னாகும் என்னும் கேள்விக்கு அங்கே இடமில்லை.

இன்று அக்கேள்வி எழுந்துவிட்டது. மலேசியாவின் கேமரன் மலையில், ரிங்லெட் பக்கத்துத் தோட்டங்களை எண்ணுக. ஜே. ஏ. ரஸ்ஸல் அம்மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியது 1929இல். அக்காலத்தே அங்கே உழைத்த தமிழரின் மக்களும் இன்று முதியவராயினர். 2018இல் மலேசிய அரசினர் எடுத்த உடல்நலக் கணக்கு, அறுபதும் அதற்கு மேலும் ஆனவரில் நூற்றுக்கு 8.5 பேருக்கு மறதிநோய் இருக்கக்கூடும் என்கிறது. மலைத்தோட்டத்து லயங்கள் மட்டும் இதற்கு விலக்காகுமா?

அங்கே ஒரு தாய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கொழுந்து கிள்ளிய கை. வேலை நின்று இருபது ஆண்டுகள். பெரட்டுக்கு நேரமாயிற்றென்று இரவு இரண்டு மணிக்கு எழுந்து கூடையைத் தேடுகிறார். கதவைத் திறந்து பனியில் இறங்குகிறார். பெற்ற மகளை, இறந்துபோன தம் அக்காள் பெயரிட்டு அழைக்கிறார். உண்ட கை காயுமுன், சோறு போடவில்லையென்று அண்டை வீட்டில் அழுகிறார். பின்னே ஓடுகிறவள் மகளோ மருமகளோ. விடிந்தால் அவளும் மலைக்குப் போகவேண்டியவள். போகாவிட்டால் கூலி இல்லை. வேலையையே விட்டால், வேலைக்கென்று கொடுத்த வீடு நிலைக்குமோ என்னும் அச்சம் வேறு. போவதானால் கதவைப் பூட்டவேண்டும். பூட்டினால் ஊர் தூற்றும். பூட்டாவிட்டால் கிழவி சரிவில் விழுவாள். (இந்தப் பூட்டைப் பற்றியே ஒரு நல்ல சிறுகதை எழுதலாம்.)

நிற்க. பழைய இலக்கியம் இங்கே துணை செய்யுமா? புறநானூற்று 243ஆம் பாட்டில், தொடித்தலை விழுத்தண்டினார் என்னும் புலவர், இளமையில் ஆழ்மடுவிற் குதித்து மணல் எடுத்து வந்ததை, இருமலும் கைத்தடியுமாய் நின்று நினைந்து வருந்துகிறார். உயர்ந்த பாட்டு. ஆனால் அங்கே துயரமே நினைவால் வருகிறது. நினைவு போன முதுமை அங்கில்லை. அம் முதியவர்க்குப் பக்கத்தில் நிற்பவரும் இல்லை. திருக்குறளின் மக்கட்பேறு அதிகாரமோ, மகன் தந்தைக்குச் செய்யும் உதவி, ஊரார் அத்தந்தையின் தவத்தை வியக்கும்படி நடப்பது என்கிறது. படுக்கைத்துணியை மாற்றும் கை அக்குறளில் வரவில்லை. வள்ளுவரை நாம் குறை கூறவில்லை. அதை ஒப்பித்துவிட்டுப் பெற்றோர் கடன் தீர்ந்ததென்று மேடையை விட்டிறங்கும் புலவர்களையே கூறுகிறோம்.

புதுக்கலையும் விலக்கல்ல. 2018இல் ராதாமோகன் இயக்கிய '60 வயது மாநிறம்' என்னும் படம் இந்நோயைத் துணிந்து எடுத்துக்கொண்டது, பாராட்டுகிறோம். ஆனால் அதில் தந்தை காப்பகத்தில் இருக்கிறார், தொலைகிறார், மகன் தேடுகிறான். தேடல் சில நாளில் முடியும் கதை. தொலையாமல் வீட்டிலேயே இருப்பவரைப் பத்தாண்டு பார்ப்பது எந்தக் கதையில் முடியும்? உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில், மறதிநோயாளரைப் பேணும் நேரத்தில் நூற்றுக்கு எழுபது பங்கு பெண்களுடையது. அந்தப் பெண்ணுக்கு நம் எழுத்தாளர் தருவதெல்லாம் 'பொறுமையின் திருவுருவம்' என்னும் பட்டந்தான். பட்டத்தைக் கொண்டு அவள் ஓர் இரவு தூங்கமுடியுமா?

ஜெர்மானிய மருத்துவர் அல்சைமர் 1906இல், இறந்த நோயாளி ஒருத்தியின் மூளையில் கண்ட மாறுதல்களை எடுத்துரைத்தார். நூறாண்டு கடந்தும் 'முன்வினை' என்றும், 'வயதானால் அப்படித்தான்' என்றும் சொல்வோர் நம்மிடையே குறையவில்லை. வினையென்று சொல்லிவிட்டால் மருத்துவரும் வேண்டாம், அண்டை வீட்டான் உதவியும் வேண்டாம், வசதியான சமயம்!

தாயின் கை கொழுந்துக்கு வேண்டியிருந்ததால், தோட்டத்தில் குழந்தைகளுக்கு ஆயாக் கொட்டகை வந்தது. மகளின் கை இன்றும் கொழுந்துக்கு வேண்டியிருக்கிறது. முதியவருக்கும் பகலில் அப்படியொரு கொட்டகை ஏன் இல்லையென்று எந்தத் தோட்டக் கதையிலாவது ஒரு பாத்திரம் கேட்டதுண்டா? நாம் படித்தவற்றுள் இல்லை.