அணியச் சட்டமில்லை, கழற்றத் துணிவில்லை

கொரோனா காலத்தில் முகக்கவசம் பற்றி எழுதியவர்களில் பலர் ஜப்பானையும் அமெரிக்காவையும் அருகருகே நிறுத்தினார்கள். ஜப்பானில் சட்டமே இல்லாமல் எல்லோரும் அணிந்தார்கள். அமெரிக்காவில் உத்தரவு போட்டும் சண்டை ஓயவில்லை. காரணம் கேட்டால், 'அது ஆசியப் பண்பாடு' என்று முடித்துவிட்டார்கள். அதில் பாதிதான் உண்மை.

ஜப்பானில் முகக்கவசம் பரவலானது 1918இல் தொடங்கிய இன்ஃபுளுயன்சா காலத்தில்தான். அணியாதவர்களை உயிர்ப்பயம் அற்றவர்கள் என்று இடித்துரைக்கும் சுவரொட்டிகளை அரசே வெளியிட்டது. அதே 1918 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோ நகரமும் முகக்கவசத்தைக் கட்டாயமாக்கி, மீறினால் அபராதம், சிறை என்றது. அமெரிக்காவில் நோயோடு பழக்கமும் போனது. ஜப்பானில் அடுத்தடுத்து வந்த காய்ச்சல்களும், பிற்பாடு சுகி மர மகரந்தம் கிளப்பிய ஒவ்வாமையும் அதைப் போகவிடவில்லை. சளி பிடித்தவர் அடுத்தவருக்குச் செய்யும் மரியாதையாக அது ஊறிப்போனது.

இதன் பலம் 2020இல் தெரிந்தது. யாருக்கும் எதையும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை, போலீசும் தேவைப்படவில்லை. அமெரிக்காவிலோ, பிப்ரவரி இறுதியில் 'வாங்காதீர்கள்' என்று மக்களைக் கேட்டுக்கொண்ட சுகாதார அதிகாரிகள் ஏப்ரல் தொடக்கத்தில் 'அணியுங்கள்' என்றார்கள். பேச்சு மாறியதில் நம்பிக்கை தேய்ந்தது; சில மாதங்களில் முகக்கவசம் கட்சி அடையாளமாகிவிட்டது.

பலவீனமும் அதே வேரில்தான் இருக்கிறது. சட்டத்துக்கு விதிவிலக்கு எழுதலாம். அக்கம்பக்கத்தார் பார்வைக்கு எழுத முடியாது. ஜப்பானில் பல பள்ளிகளில் பிள்ளைகள் மதிய உணவுக்கு மட்டும் கவசத்தைக் கழற்றி, எல்லோரும் ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்து, வாய்பேசாமல் சாப்பிட்டார்கள். கூடப் படிக்கும் பிள்ளையின் முழு முகம் தெரியக்கூடிய அந்தச் சில நிமிடங்களும் இப்படித்தான் போயின. இவ்வளவுக்கும் பிறகு, 2022 கோடையில் வாராந்தரத் தொற்று எண்ணிக்கையில் ஜப்பான் உலகிலேயே முதலிடத்துக்கு வந்தது. முகக்கவசம் வீண் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. அது ஒன்றே போதும் என்று இருந்துவிடவும் முடியாது.

பெரிய சிக்கல் முடிவில்தான். சான் பிரான்சிஸ்கோவில் 1918 நவம்பர் 21 நண்பகலில் சங்கு ஊதியது. ஜனங்கள் கவசத்தைக் கழற்றித் தெருவில் எறிந்தார்கள். அவசரம்தான், ஜனவரியில் திரும்பவும் அணியவேண்டி வந்தது. ஆனால் உத்தரவாக வந்தது உத்தரவாகவே போனது. ஜப்பானில் 2023 மார்ச் 13 முதல் அவரவர் விருப்பம் என்று அரசு அறிவித்த பிறகும், அன்று காலை வேலைக்குப் போன கூட்டத்தில் பெரும்பாலோர் முகம் மூடியேதான் இருந்தது. முதலில் கழற்றுபவராக இருக்க யாருக்கும் மனமில்லை.

பழக்கம் ரத்தத்தில் வருவதில்லை என்பதற்கு வங்கதேசம் சாட்சி. அங்கே 600 கிராமங்களில் நடந்த ஆய்வில், முகக்கவசத்தை இலவசமாகக் கொடுத்து, ஊர்ப் பெரியவர்களை முன்னே நிறுத்தி, அணியாதவர்களிடம் நேரில் எடுத்துச் சொன்ன கிராமங்களில் 42 சதவீதத்தினர் முறையாக அணிந்தார்கள்; இவை எதுவும் செய்யாத கிராமங்களில் 13 சதவீதத்தினர்தான். சில வாரங்களில் உருவாக்கக்கூடியதைப் பண்பாட்டின் தலையில் கட்டுவது ஆட்சியாளர்களுக்கு வசதியான சாக்கு. அடுத்த தொற்றுக்கு ஜப்பானிடம் கடன் வாங்க வேண்டியது, நோய் வருமுன்பே பழகிவைத்திருந்த அந்த முன்தயாரிப்பை. அதோடு, எந்த நிலை வந்தால் கழற்றலாம் என்பதையும் அணியச் சொல்லும் நாளிலேயே சொல்லிவிட வேண்டும்.